பழைய 530ஐ-க்கு ரீமேப் செய்யலாமா?

கேள்வி: சார், போன வருடம் 2006 மாடல் பி.எம்.டபிள்யூ 530ஐ ஒன்றை மூன்றாவது கையாக வாங்கினேன். ஆட்டோமேட்டிக், 1,60,000 கிலோமீட்டர் ஓடியது. ஆசைப்பட்டு வாங்கிய கார், ஆனால் எதிர்பார்த்த பிக்கப் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங் சீராக இல்லாமல் துடிக்கிறது. சிக்னலில் நிற்கப் போகும்போது பின்னாலிருந்து யாரோ லேசாக இடித்த மாதிரி ஒரு ஜெர்க். 100 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, டிஸ்க்கும் பேடும் புதுசாக மாற்றியும் போகவில்லை. ரீமேப் செய்து (என்ஜினை இயக்கும் சாஃப்ட்வேரை மாற்றி எழுதி), ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மாற்றி, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறக்கினால் கார் பறக்கும் என்கிறார் நண்பர். மெக்கானிக்கோ, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இன்னொன்று, என்ஜின் மேலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. பிரஷர் வாஷ் அடிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். உங்கள் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதற்கு 258 குதிரைத்திறன். அதில் இன்று எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று இன்னும் யாருமே பார்க்கவில்லை. அதைப் பார்க்காமலேயே ஒருவர் மேலே கொஞ்சம் சேர்க்கச் சொல்கிறார், இன்னொருவர் காரையே கைகழுவச் சொல்கிறார்.

முதலில் ரீமேப் ஆசையை முடித்துவிடுவோம். டர்போ என்ஜின் என்றால் டர்போ உள்ளே திணிக்கிற காற்றின் அழுத்தத்தை, அதாவது பூஸ்டைக் கூட்டிவிடலாம், வித்தியாசம் அன்றைக்கே தெரியும். உங்களுடையது டர்போ இல்லாத மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர். அது தானாக இழுக்கிற காற்றுதான் அதற்கு எல்லை, சாஃப்ட்வேரை என்ன மாற்றினாலும் அந்தக் காற்று பெரிதாகக் கூடப்போவதில்லை. போதாததற்கு, இந்த என்52 என்ஜினில் எவ்வளவு காற்று உள்ளே போக வேண்டும் என்பதைப் பெரும்பாலும் இன்டேக் வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது என்பதே தீர்மானிக்கிறது, அதனால் கூம்பு ஃபில்டர் மாட்டினால் உறுமல் சத்தம் கிடைக்கும், கூடவே என்ஜின் பக்கத்துச் சூடான காற்றையும் இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். சைலன்சர் விஷயமும் அதே கதை. சத்தம் பிடித்திருந்தால் மாற்றுங்கள், வேகத்துக்காக என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

சரி, இருக்கிற பவர் எங்கே போனது?

ஐடிலிங் துடிப்பதையும் பிக்கப் குறைந்ததையும் தனித்தனி நோயாகப் பார்க்காதீர்கள், பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். எல்லாக் காருக்கும் பொதுவான சின்ன ஸ்கேனர் போதாது, இந்தக் காரின் எல்லா மாட்யூல்களையும் (என்ஜின், கியர்பாக்ஸ் என ஒவ்வொன்றுக்கும் உள்ள சின்ன கம்ப்யூட்டர்களை) படிக்கிற ஸ்கேனர் இருக்கிற இடத்துக்குப் போங்கள். எரர் கோடு வந்தாலும் வராவிட்டாலும் ஃபியூல் ட்ரிம், அதாவது கணக்குப்படி ஊற்றும் பெட்ரோலை என்ஜின் கம்ப்யூட்டர் எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற சதவீதம், எவ்வளவு என்று கேளுங்கள். என்ஜின் சூடான பிறகு அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில், ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருந்தால் நல்லது. ஐடிலில் பத்துக்கு மேல் ஏறி, 2,500 ஆர்.பி.எம்.மில் பிடித்தால் இறங்குகிறதா? அப்படியானால் எங்கோ கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. இந்த வயதில் இன்டேக் பூட்டும் (காற்று உள்ளே போகிற ரப்பர் குழாய்) என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் கிராங்க்கேஸ் வென்டிலேஷன் பைப்களும் காய்ந்து விரிசல் விட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. புகை விட்டுச் சோதித்தால் ஓட்டை எங்கே என்று அரைமணியில் தெரிந்துவிடும். அதைச் செய்யாமல் சென்சர் சென்சராக மாற்றுகிற ஒர்க்‌ஷாப்பில் காரை விடாதீர்கள்.

கேம்ஷாஃப்ட் டைமிங்கை (வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை) மாற்றுகிற வேனோஸ் சாலினாய்டு, அதாவது மின்சாரத்தில் இயங்கும் ஆயில் வால்வு இரண்டு, என்ஜினின் முன்பக்கம் இருக்கின்றன. இன்டேக்குக்கு ஒன்று, எக்ஸாஸ்ட்டுக்கு ஒன்று, இரண்டும் ஒரே மாதிரி. ஒன்றின் மீது எரர் வந்தால் உடனே புதுசு வாங்காமல் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். எரரும் கூடவே இடம் மாறினால் சாலினாய்டுதான் கெட்டது, மாறாவிட்டால் வயரிங்கையோ ஆயில் அழுத்தத்தையோ பார்க்க வேண்டும். ஸ்பார்க் பிளக் எப்போது மாற்றினார்கள் என்று முந்தைய ரசீதில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு ஆறையும் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது கியர்பாக்ஸ். இசட்.எஃப். என்ற ஜெர்மன் நிறுவனம் தயாரித்த ஆறு கியர் பெட்டி, நல்ல பெட்டி. காரைத் தயாரித்து விற்ற பி.எம்.டபிள்யூ.காரர்கள் இதன் ஆயில் ஆயுளுக்கும் போதும் என்றார்கள், பெட்டியைத் தயாரித்தவர்களோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறார்கள். யார் பேச்சு உங்களுக்கு லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நிற்கப் போகும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும் இடத்தில் வருகிற ஜெர்க்குக்கு முதல் சந்தேகம் பழைய ஆயில் மீதும், உள்ளே ஆயிலைத் திருப்பிவிட்டு கியர் மாற்றுகிற வால்வு பாடிக்குப் பக்கத்தில் இறுகிப்போன ரப்பர் சீல்கள் மீதும்தான். ஆயில் பேன் பிளாஸ்டிக், ஃபில்டர் அதோடு சேர்ந்தே வரும், ஆகவே பேனையே மாற்ற வேண்டும். வயர் உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்லீவ் இருக்கிறது, அதன் ஓ-ரிங் வழியாக ஆயில் கசிவது இந்தப் பெட்டியின் பிறவிக் குணம். பேனைக் கழற்றிய கையோடு அதையும் மாற்றிவிடுங்கள்.

இதில் பலர் கோட்டை விடுகிற இடம் ஆயில் அளவு. கீழே கொட்டியதை அளந்து அதே அளவு ஊற்றினால் போதாது. கார் சமதளத்தில், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, எல்லா கியரையும் ஒருமுறை போட்டு எடுத்துவிட்டு, ஆயில் 30 டிகிரிக்கும் 50 டிகிரிக்கும் இடையில் இருக்கும்போது நிரப்பும் துளையைத் திறந்து, மெல்லிய நூல் மாதிரி வழிகிற வரை ஊற்றி மூட வேண்டும். வெப்பநிலையை ஸ்கேனரில்தான் பார்க்க முடியும். "எதில் பார்த்து லெவல் வைப்பீர்கள்?" என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள், பதிலிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். பிரஷர் கொடுத்து ஃப்ளஷ் செய்கிறேன் என்றால் வேண்டாம். முடிந்ததும் கியர்பாக்ஸ் இதுவரை கற்றுவைத்திருக்கிற பழைய அளவுகளை (அடாப்டேஷன்) ஸ்கேனரில் அழித்துவிட்டு நிதானமாக ஓட்டுங்கள், புதிதாகக் கற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆகும்.

பழைய கியர்பாக்ஸில் ஆயில் மாற்றினால் செத்துவிடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். ஏற்கெனவே கிளட்ச் எரிந்து வழுக்குகிற பெட்டியைப் புது ஆயில் காப்பாற்றாது, அது உண்மை. உங்களுடையது வழுக்கவில்லை, இடிக்கிறது.

ஸ்டீயரிங் நடுக்கத்துக்கு டிஸ்க் மாற்றிய பணம் வீண்தான், வருத்தமாக இருக்கிறது. முன்சக்கரத்தை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருக்கும் கம்பியான டென்ஷன் ஸ்ட்ரட்டில் இருக்கும் ரப்பர் புஷ் உள்ளே திரவம் நிரப்பியது. அது கிழிந்து திரவம் வெளியேறிவிட்டால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் முன்னும் பின்னும் ஆட ஆரம்பிக்கும், கையில் வருகிற நடுக்கம் டிஸ்க் வளைந்தது போலவே இருக்கும். காரைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள், புஷ்ஷைச் சுற்றிக் கருப்பாக ஈரக்கறை இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது கார் தூக்கிய நிலையில் இருக்கக் கூடாது, காரின் எடை சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். தொங்குகிற நிலையில் இறுக்கினால் கார் கீழே இறங்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும், அப்படியே முறுக்கிய நிலையில் ஓடிச் சீக்கிரமே கிழியும், நீங்களும் "டூப்ளிகேட் பார்ட் கொடுத்துவிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். அப்புறம் வீல் அலைன்மென்ட்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: வாட்டர் பம்ப். இது பெல்ட்டில் ஓடுவதில்லை, மின்சார மோட்டார். பழைய பம்ப் போல ஒழுகிக் காட்டி, சத்தம் போட்டு, நாள் கொடுத்துச் சாகாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். டாஷ்போர்டில் கூலன்ட் வெப்பநிலை முள்ளும் கிடையாது, திடீரென்று எச்சரிக்கை விளக்குதான் வரும். வந்தால் வீடு வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அந்த இடத்திலேயே அணைத்துவிடுங்கள், ஏனென்றால் மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த அந்த என்ஜின் பிளாக்குக்கு அதிகச் சூடு ஆகவே ஆகாது. மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் பம்ப், தெர்மோஸ்டாட் இரண்டையும் கெடுவதற்கு முன்பே மாற்றுங்கள். அலுமினிய போல்ட்டுகள் ஒருமுறைதான், பழையதைத் திரும்பப் போடக் கூடாது. கூலன்ட் ஊற்றியபின் காற்றை வெளியேற்ற பம்ப்பையே வேலை வாங்கலாம்: பேட்டரியில் சார்ஜரை மாட்டி, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷன் மட்டும் போட்டு, ஹீட்டரை உச்ச வெப்பத்திலும் ஃபேனைக் குறைந்த வேகத்திலும் வைத்து, ஆக்சிலரேட்டரைப் பத்து விநாடி தரையோடு அழுத்தினால் பம்ப் தானாகப் பன்னிரண்டு நிமிடம் போல ஓடும்.

பேட்டரியை எப்போதாவது மாற்றினால் புதுசு போட்டதைக் காருக்குப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் செய்யும்.

என்ஜின் ஆயில் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, கார் காட்டுகிற கெடு வரை காத்திருக்காமல்.

இவ்வளவும் முடிந்தபின் கையில் பணம் மிச்சம் இருந்தால் ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் போடுங்கள். ஒரிஜினல் ஷாக் என்றால் 1,60,000 கிலோமீட்டரில் அதன் வேலை முடிந்திருக்கும், இத்தனை நாள் மெல்ல மெல்லக் கெட்டதால் உங்களுக்குத் தெரியாது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பத்து வயதான டயரை வைத்துக்கொண்டு இந்தக் காரை வேகமாக ஓட்டாதீர்கள். ரன்ஃப்ளாட் டயராக (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற, பக்கவாட்டு தடித்த டயர்) இருந்தால் சாதாரண டயருக்கு மாறிப் பாருங்கள், வேறு கார் போல மெத்தென்று போகும். ஸ்டெப்னி இல்லையென்றால் டிக்கியில் சின்ன கம்ப்ரஸரும் பஞ்சர் கிட்டும் வேண்டும். ஸ்பிரிங்கை இறக்குவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. இந்தக் காரை வாங்குவதே அதன் சொகுசுக்காகத்தான்.

மெக்கானிக் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. காரின் இன்றைய விலை எவ்வளவு விழுந்திருந்தாலும் உதிரிப்பாகத்தின் விலை அதோடு விழாது, புதுசாக இருந்தபோது அது எந்த வகைக் காரோ அந்த வகைக்கான விலைதான் பாகத்துக்கும். வருடா வருடம் அதற்கென்று தனியாக ஒதுக்க முடியாதென்றால், அல்லது என்ஜின் ஒருமுறை கடுமையாகச் சூடானது என்று தெரியவந்தால், அல்லது கியர்பாக்ஸ் பேனில் உலோகத் துண்டுகள் கிடந்தால், விற்றுவிடுங்கள், தப்பே இல்லை. இந்த மூன்றும் இல்லையென்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரஷர் வாஷ் வேண்டாம். தண்ணீர் இக்னிஷன் காயில் பக்கம் இறங்கினால் புதுசாக மிஸ்ஃபயர் கிடைக்கும். அதைவிட, அந்தப் பிசுக்கு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வால்வு கவர் கேஸ்கெட்டாகவோ ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட்டாகவோ இருக்கும். இரண்டாவதை அலட்சியம் செய்யக் கூடாது, அங்கே ஒழுகுகிற ஆயில் பெல்ட் மேல் விழும், ஊறிய பெல்ட் பிய்ந்து என்ஜின் முன்பக்கத்துத் தண்டைச் சுற்றியிருக்கும் கிராங்க் சீல் வழியாக என்ஜினுக்குள்ளேயே இழுத்துக்கொள்ளப்பட்ட கதைகள் உண்டு. டீகிரீஸர் நனைத்த துணியால் துடைத்து, ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி டார்ச் அடியுங்கள், எது முதலில் நனைகிறதோ அந்த கேஸ்கெட்டை முதலில் மாற்றுங்கள்.