பாறைக்கு ஒரு வெயில், மரத்துக்கு ஒரு வெயில்

அன்புள்ள ஐயா,

சென்ற ஏப்ரலில் செஞ்சிக்குப் போய், காலை ஏழரை மணிக்குக் கிழக்குப் பக்கமிருந்து ராஜகிரியைப் படமெடுத்தேன். முன்னால் ஒரு வேப்பமரம், பின்னால் குன்று. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர் சொல்லித் தந்ததைக் கடைப்பிடித்தேன். மரத்தையும், படத்தை மூன்றாகப் பிரிக்கும் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில்தான் வைத்தேன். ஆனாலும் குன்று அட்டையில் வரைந்ததுபோல் இருக்கிறது, மரம் அதன்மேல் அப்பிக்கொண்டு நிற்கிறது. நல்ல லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

ஒரு வாசகர், திண்டிவனம்

*

அன்புள்ள நண்பருக்கு,

லென்ஸ் வாங்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் கூர்மைக்கும் நிறத்துக்கும் குறைவில்லை, இல்லாதது நிழல். செஞ்சியின் பாறைகள், விரிசல் வழியே நீர் இறங்கி, மூலைகள் தேய்ந்து, வெங்காயச் சருகுபோல் மேலோடு உரிந்து உருண்டவை. ஒரு பக்கம் ஒளிர்ந்து மறுபக்கம் மெல்ல இருள்வதைக் கொண்டுதான் அந்த உருட்சியைக் கண் அறிகிறது. நீங்கள் மேற்கு நோக்கி நின்றபோது ஒவ்வொரு பாறையின் நிழலும் அதன் முதுகுக்குப் பின்னாலேயே விழுந்து மறைந்துவிட்டது. ஸ்டுடியோக்காரரைக் குறைசொல்ல மாட்டேன். ஃபிலிமின் வேகம், அதாவது ஒளியை ஏற்கும் திறன், குறைவாகவும், எளிய கேமராவில் எக்ஸ்போஷரை (உள்ளே விடும் ஒளியின் அளவை) மாற்ற வழியில்லாமலும் இருந்த காலத்தில், குடும்பப் படத்தில் முகம் கறுத்துப் போகாமலிருக்க அது நல்ல அறிவுரை. பாறைக்கு அது உதவாது.

அதே வேளையில் திருவண்ணாமலை சாலையில் நின்று, வடக்கே செஞ்சியின் இன்னொரு குன்றான கிருஷ்ணகிரியைப் பார்த்திருந்தால், வெயில் உங்கள் வலப்பக்கமிருந்து வந்து பாறைகளைச் சீவிக்கொண்டு போயிருக்கும். இதில் மாதமும் முக்கியம். செஞ்சி வட அட்சம் 12 பாகையைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. அங்கே சூரியன் உதிக்கும் இடம் ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையில் ஏறக்குறைய 48 பாகை நகர்கிறது. டிசம்பரில் அது நேர்கிழக்கிலிருந்து 24 பாகை தெற்கே தள்ளி எழுவதால், வடக்கு நோக்கி நிற்பவருக்குச் சற்றே பின்னாலிருந்து வரும் பக்கவெளிச்சம் கிடைக்கிறது. ஜூனில் அதே இடத்தில் நின்றால் சூரியன் சற்றே எதிரில் இருக்கும். குன்றின் தென்முகம் காலையில் நிழலில் கிடக்கும். வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும் பொன்வெயில் நேரத்தையும், அதாவது சூரியன் 6 பாகை உயரும்வரை நீடிக்கும் மென்வெயில் வேளையையும், அப்படியே நம்பிவிடாதீர்கள். மார்ச் மாதத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து 6 பாகை உயர லண்டனில் சுமார் 40 நிமிடம் ஆகும். நம் வானில் அது செங்குத்தாக ஏறுவதால் 25 நிமிடத்தில் முடிந்துவிடும். ஏழரை மணி என்பது, உண்மையில், தாமதம்.

மரத்தின் கதை வேறு. பாறை ஒளியைத் தடுக்கிறது. இலையோ அதில் ஒரு பகுதியை உள்ளே வாங்கி மறுபுறம் கசியவிடுகிறது. சூரியன் மரத்துக்குப் பின்னால் இருக்கும் எதிர்வெளிச்சத்தில் வேப்பந்துளிர் விளக்கேற்றியதுபோல் எரியும், நம் முதுகுப் பக்கமிருந்து வரும் முன்வெளிச்சத்திலோ மேற்பூச்சின் பளபளப்பால் வெளிறிவிடும். போலரைசர் ஃபில்டர் அந்தப் பளபளப்பைக் குறைக்கும் என்றாலும், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கையில் அதனால் பெரிதாகப் பயனில்லை. ஆக, பாறை பக்கவெளிச்சத்தைக் கேட்கிறது, மரம் எதிர்வெளிச்சத்தைக் கேட்கிறது. ஒரே படத்தில் இரண்டுக்கும் அதனதன் வெயிலைக் கொடுப்பது அரிது. எது படத்தின் பொருள் என்று முடிவு செய்துவிட்டால், எங்கே நிற்பது என்பதும் பெரும்பாலும் முடிவாகிவிடும். பாறைதான் என்றால், மரத்தின் கரிய உருவை ஒளிபட்ட பாறையின்மீதோ வானத்தின்மீதோ பொருத்துங்கள். மரம்தான் என்றால், ஒளிரும் இலைக்குப் பின்னால் நிழலில் கிடக்கும் பாறை வர வேண்டும். மூன்றில் ஒரு பங்கு விதி மரத்தை எங்கே வைப்பதென்று சொல்லும், அதற்குப் பின்னால் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லாது.

நிழலுக்கும் ஃபிரேமில் இடம் ஒதுக்க வேண்டும் என்பதை நான் தாமதமாகத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் காலையில், அடிவாரத்தில், ஆளுயரப் பாறையின் வெடிப்பில் வேர்விட்டிருந்த ஓர் இச்சி மரத்தின் முன் நின்றிருந்தேன். முதலில் பாறையும் வேரும் ஒரே சாம்பல் நிறம். வேர் எங்கே தொடங்குகிறதென்றே தெரியவில்லை. வெயில் பாறையின் விளிம்பைத் தாண்டியதும், விரல் தடிமனுள்ள ஒவ்வொரு வேருக்கும் கீழே மயிரிழைபோல் ஒரு நிழல்கோடு விழுந்தது. பாறைமேல் காய்ந்து ஒட்டியிருந்த கற்பாசி பொருக்குப் பொருக்காக எழுந்து நின்றது. ட்ரைபாடைச் சரிசெய்து, மரத்தின் விளிம்புகளை ஃபிரேமுக்குள் அளந்து முடிப்பதற்குள், அந்த மரத்தின் கிளையே தன் நிழலை வேரின்மேல் கொண்டுவந்து போட்டுவிட்டது. மறுநாள் திரும்பப் போக வேண்டியிருந்தது.

உங்கள் வேப்பமரத்துக்கு இடத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. பங்குனியில் துளிர் விட்டிருக்கும்போது, அதே இடத்தில், மாலையில், சூரியன் ராஜகிரிக்கு மேலே சாய்ந்து இறங்கும் நேரத்தில் நில்லுங்கள். குன்றின் கிழக்கு முகம் நிழலேறி நீலம் பூத்திருக்கும். மரத்தின் உச்சி வெளிறிய வானத்துக்குள் போகாமல் குன்றின் இருட்டுக்குள்ளேயே அடங்கும்படி, வேண்டுமானால் இரண்டடி பின்வாங்கிக் கொஞ்சம் மேடேறிக்கொள்ளுங்கள். லென்ஸில் நேர்வெயில் படாமல் ஒரு தொப்பியால் மறைத்துக்கொண்டால் போதும்.

அன்புடன்.