கப்பல்ல போலாமான்னு கேட்டவள்

கேள்வி: நாங்கள் அக்கா தங்கை மூன்று பேர். கூடப் பிறந்த ஆண்பிள்ளை இல்லை. எனக்கு 57 வயது, ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். நடுத் தங்கை கும்பகோணத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளையின் மளிகைக் கடை நொடித்துப்போய் இரண்டு வருஷமாக அவர்களுக்குச் சிரமம். கடைசித் தங்கைக்கு பெங்களூரில் ஐ.டி. வேலை. அப்பா எப்போதோ போய்விட்டார், அம்மா போன வருஷம் தவறினாள். அதற்குப் பிறகு நாங்கள் மூவரும் மட்டும், வீட்டுக்காரர்கள் பிள்ளைகள் இல்லாமல், எங்காவது ஐந்து நாள் போய் இருக்க வேண்டும் என்று ஆசை வந்தது. கடைசித் தங்கை அந்தமான் என்றாள். ஹேவ்லாக் தீவில் கடலோர ரிசார்ட், வேகப் படகு, கடலுக்கடியில் போகும் ஸ்கூபா, விமானம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 75,000 ரூபாய் என்று ஏஜென்டிடம் விலையும் வாங்கிவிட்டாள்.

நடுத் தங்கை முதலில் துள்ளிக் குதித்தாள். "கப்பல்ல போலாமா அக்கா?" என்று கேட்டாள். நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். இரண்டு நாள் கழித்து, "முட்டி வலிக்குது, நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்கிறாள். மாதாமாதம் கிருத்திகைக்குச் சுவாமிமலையில் 60 படியும் ஏறுகிறவள்! பணம்தான் காரணம் என்று எங்களுக்குத் தெரியாதா? அவள் பங்கை நாங்கள் கட்டத் தயார். அம்மா கணக்கில் இருந்த மூன்று லட்சமும் இன்னும் பிரிக்காமல் என் பெயரில்தான் கிடக்கிறது, அதிலிருந்துகூட எடுக்கலாம். ஆனால் அவள் ரோஷக்காரி. "ரெண்டு டிக்கெட் எடுத்தா மூணாவது ஃப்ரீயாம்" என்று ஒரு பொய் சொல்லி அழைத்துப் போகலாமா?

— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: வேண்டாம் சகோதரி. நான் அரிச்சந்திரன் வம்சம் என்பதால் சொல்லவில்லை. இந்தப் பொய் நிற்காது என்பதால் சொல்கிறேன். உங்கள் தங்கை வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா? அவர்கள் போனை எடுத்துப் பார்த்தால் இரண்டு நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். கிளம்புவதற்கு முன்னால் தெரிந்தால் வரமாட்டாள், அதோடு போகும். ஹேவ்லாக் போய் இறங்கிய பிறகு தெரிந்தால்? கோபித்துக்கொண்டு ராத்திரி பஸ் பிடித்து ஊர் திரும்ப அது ஊட்டி இல்லை. விடிந்து அடுத்த படகு வரும்வரை மூன்று பேரும் ஒரே வராந்தாவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கடைசித் தங்கைக்கு என்ன வேண்டும் என்று அதில் இருக்கிறது. நீங்கள் என்ன செய்யத் தயார் என்று இருக்கிறது. நடுத் தங்கை கடிதம் முழுக்க இரண்டே வாக்கியம்தான் பேசுகிறாள். இரண்டாவது முட்டி வலி. முதலாவது கப்பல். அந்த முதல் வாக்கியத்துக்கு உங்களிடமிருந்து கிடைத்த பதில் சிரிப்பு.

அவள் ஏன் கப்பல் என்றாள்? மனதுக்குள் கணக்குப் போட்டு, மலிவான வழி என்று கேட்டிருக்கலாம். சின்ன வயதிலிருந்தே கப்பலில் ஏற வேண்டும் என்ற ஆசை இருந்திருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கும் தெரியவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கேட்கவே இல்லையே.

அவள் கேட்டது சிரிப்பதற்கான விஷயமும் இல்லை. சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்கு அரசுக் கப்பல் ஓடுகிறது, ஏறக்குறைய மூன்று நாள் பயணம். அந்தமானில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஊருக்கு வந்து போனது பெரும்பாலும் அதில்தான். (போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் தீவு, பக்கத்திலுள்ள நீல் தீவு ஷஹீத் தீவு. டிக்கெட்டில் புதுப் பெயரைப் பார்த்து வேறு எங்கோ கொண்டுபோகிறார்கள் என்று பயந்துவிடாதீர்கள்.) ஆனால் உங்கள் கையில் இருப்பது ஐந்து நாள். போக மூன்று, வர மூன்று என்றால் தீவில் கால் வைக்கவே நாள் இருக்காது. வங்கக் கடலின் ஆட்டம் எல்லோர் வயிற்றுக்கும் ஒத்துவராது. அதனால் சென்னையிலிருந்து விமானம்தான் சரி. இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

ஆனால் கப்பல் ஆசை அதோடு முடிந்துவிடவில்லை. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்கு எப்படியும் கடல் வழியாகத்தான் போக வேண்டும். ஏஜென்ட் சொன்ன வேகப் படகில் சுமார் ஒன்றரை மணி நேரம். கண்ணாடி அடைத்த ஏசி கூடம், எண் போட்ட இருக்கை. சன்னலில் உப்புத் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். நம் ஊர் ஆம்னி பஸ்ஸைக் கடலில் விட்டதுபோல. அரசு ஓட்டும் படகுக்கு இரண்டரை மணி நேரம் பிடிக்கும். ஆனால் எழுந்து மேல்தளத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். முகத்தில் காற்று அடிக்கும். சில நாள் பறக்கும் மீன்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதும் தெரியும். தீவுக்காரர்கள் மூட்டை முடிச்சோடு கூட வருவார்கள். கட்டணம் வேகப் படகில் ஒரு சின்னப் பங்குதான். உங்கள் தங்கை சொன்னாளே, கப்பல், அது இதுதான்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. அரசுப் படகில் தீவுவாசிகளுக்குத்தான் முதல் இடம். வெளியூர்க்காரர்களுக்கு டிக்கெட் கிடைத்தால் உண்டு. ஒரு வழிக்காவது கிடைக்கிறதா என்று முயன்று பாருங்கள், கிடைக்காவிட்டால் தனியார் படகு. கடல் சீறினால் எந்தப் படகும் போகாது. அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின ராத்திரி கட்டாயம் போர்ட் பிளேரில் இருங்கள். ஹேவ்லாக்கிலிருந்து நேரே வந்து விமானம் ஏறுவதாகத் திட்டம் போடும் ஏஜென்டை நம்ப வேண்டாம்.

இதெல்லாம் பிறகு. அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அது உங்கள் வேலை. அம்மாவின் மூன்று லட்சம் என் பெயரில் கிடக்கிறது என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அது கிடக்கவில்லை சகோதரி, நீங்கள் வைத்திருக்கிறீர்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, எனக்குத் தெரியும்; துக்கத்தில் பணத்தைப் பிரிக்கக் கை வந்திருக்காது. ஆனால் அம்மா உயில் எழுதாமல் போயிருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு நடுத் தங்கையுடையது. வங்கியில் உங்கள் பெயரை நாமினியாகக் குறித்திருந்தாலும் சட்டப்படி நீங்கள் அதற்குப் பொறுப்பாளர்தான், உரிமை மூவருக்கும். கடை நொடித்த வீட்டில் ஒரு லட்சம் ரூபாய் என்பது என்ன தொகை என்று நினைத்துப் பாருங்கள். அவள் அதைக் கேட்கவில்லை. கேட்கமாட்டாள், ரோஷக்காரி என்று நீங்களே சொல்கிறீர்கள். தனக்கு வரவேண்டிய பணம் அக்காவிடம் இருக்க, அதே அக்கா தன் பங்கை "நான் கட்டுறேன்" என்று சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும்?

இந்த வாரமே மூவர் கணக்கிலும் பிரித்துப் போடுங்கள். போடும்போது அந்தமான் என்ற வார்த்தையே வரக்கூடாது. "இதுலேர்ந்து டூருக்கு எடுத்துக்கலாம்டி" என்றால் கொடுத்ததைத் திரும்பக் கேட்பது மாதிரி. அந்தப் பணத்தில் அவள் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டலாம், கடன் அடைக்கலாம், அது அவள் இஷ்டம். அப்படிச் செய்துவிட்டு இந்த வருஷம் வரமுடியாது என்றாலும் அது நியாயமான பதில். அந்தமானுக்கு நல்ல பருவம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, வருஷா வருஷம் வருகிறது.

1994-ல் நானும் என் அக்காவும் கொடைக்கானல் போனோம். அப்போதுதான் எனக்குச் சம்பளம் கூடியிருந்தது. "எல்லாச் செலவும் என்னுது" என்று பெருமையாக அழைத்துப் போனேன். மூன்று நாளும் ஓட்டலில் உட்கார்ந்தவுடன் அக்கா விலைப் பட்டியலை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்ப்பாள், பிறகு "எனக்குத் தயிர் சாதம் போதும், பசியே இல்ல" என்பாள். மூன்று நாளும் தயிர் சாதம். படகு சவாரிக்குக் கூப்பிட்டால் தலை சுற்றும் என்றாள். இறங்குகிற அன்று பஸ் ஸ்டாண்டில் தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு கிலோ பிளம்ஸ் வாங்கி என் மடியில் வைத்தாள். அந்த மூன்று நாளில் அவள் முகம் மலர்ந்தது அந்த ஒரு தடவைதான். பழத்தைத் தின்றுகொண்டே வந்தேன், எனக்கு அப்போதும் புரியவில்லை. வத்தலக்குண்டு தாண்டி எவ்வளவோ வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

அதனால் 75,000 ரூபாய்த் திட்டத்தில் நடுத் தங்கையை ஏற்றிவிடப் பார்க்காதீர்கள். திட்டத்தை அவள் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறக்குங்கள். எவ்வளவு முடியும் என்று அவளையே முதலில் சொல்லச் சொல்லுங்கள், அந்தத் தொகைக்குள் மூவரும் போய்வரப் பாருங்கள். ஹேவ்லாக்கில் ரிசார்ட் மட்டும்தான் என்று யார் சொன்னது? கோவிந்த் நகர், விஜய் நகர் பக்கம் எளிமையான விடுதிகள் இருக்கின்றன. மூன்று அறை எதற்கு, ஒரு பெரிய அறையில் மூன்று கட்டில் போதும். அம்மா வீட்டில் ஒரே பாயில் படுத்தவர்கள்தானே. (யாராவது குறட்டை விட்டால் அது நீங்கள்தான் என்று என் ஊகம்.) ராதாநகர் கடற்கரையை 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்தது என்று எழுதியது. அங்கே வெள்ளை மணலில் உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்க்க ரிசார்ட் ரசீது யாரும் கேட்பதில்லை.

கடைசித் தங்கைக்கு மனம் வாடும். ராப்பகலாக உழைக்கிறவள், நல்ல அறை வேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை. கடல் பார்த்த ரிசார்ட்டுக்கு அவள் கணவரோடு இன்னொரு தடவை போகட்டும். ஆனால் ஸ்கூபாவை விட்டுவிடச் சொல்லாதீர்கள். நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் கையைப் பிடித்து இறக்குகிறார். ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் மட்டும் முன்னாலேயே டாக்டரைக் கேட்க வேண்டும். அந்தச் செலவு அவளுடையது, அந்தக் காலை நேரமும் அவளுடையது. "சின்னக்கா, நீயும் வா, நான் கட்டுறேன்" என்று அவள் ஆரம்பித்தால் நீங்கள் ஒரு முறை முறைக்க வேண்டும். ஸ்கூபாவைத் தீவுக்குப் போன மறுநாளே வைத்துக்கொள்ளுங்கள். கடலடியில் இருந்துவிட்டு உடனே விமானம் ஏறக்கூடாது; 18 மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்கிறார்கள்.

முட்டி வலி நிஜமாகவும் இருக்கலாம், அதையும் மறக்காதீர்கள். 60 படி ஏறுகிறவளுக்கு வலிக்காது என்று யார் சொன்னது, முருகனுக்காகப் பொறுத்துக்கொண்டும் ஏறுவார்கள். நீல் தீவில் இயற்கைப் பாறைப் பாலம் என்று ஒன்று இருக்கிறது. கடல் வற்றிய நேரத்தில் வழுக்கும் பாறைமேல் நடந்துதான் போக வேண்டும், அதைத் தவிர்த்துவிடுங்கள். அங்கேயே பரத்பூர் கடற்கரையில் அடியில் கண்ணாடி பதித்த படகு உண்டு, உட்கார்ந்தபடியே பவளப் பாறையைப் பார்க்கலாம். கரையில் கிடக்கும் சங்கு, பவளத் துண்டு எதையும் பைக்குள் போடாதீர்கள், குற்றம். விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். இருட்டு சீக்கிரம் வரும். கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் ஊர் வெகு கிழக்கே இருப்பதால் குளிர்காலத்தில் ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். வெளியே சுற்றுவதைக் காலையில் வைத்துக்கொண்டு சாயங்காலத்தை அரட்டைக்கு விடுங்கள். அதற்காகத்தானே போகிறீர்கள்.

போர்ட் பிளேரில் செல்லுலார் சிறையைப் பார்க்காமல் வர முடியாது. 1906-ல் கட்டி முடித்தது. 693 தனிக் கொட்டடிகள், நட்சத்திரம் போல ஏழு கிளைகள். இன்று மூன்றுதான் மிச்சம். பார்த்துவிட்டு வெளியே வந்தால் கொஞ்ச நேரம் யாருக்கும் பேச்சு வராது. நீங்கள் டீச்சர், தயவுசெய்து அங்கே தங்கைகளுக்குப் பாடம் எடுக்காதீர்கள். அதே ஊரில் வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது, அங்குள்ள தமிழர்கள் பங்குனி உத்திரத்தைப் பெரிதாகக் கொண்டாடும் இடம். ஒரு நாளை நடுத் தங்கை கையில் கொடுத்து, எங்கே போகலாம் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். கோயில் என்றால் கோயில். நாள் முழுக்கத் தூங்கலாம் என்றாலும் சரிதான்.

இன்னொன்று, கிளம்பும்போதே ஆளுக்கு ஒரே தொகை போட்டுப் பொதுப் பர்ஸ் ஒன்று வையுங்கள். ஆட்டோ, டீ, இளநீர், சாப்பாடு எல்லாம் அதிலிருந்து. ஹேவ்லாக்கில் சில நேரம் சிக்னல் சரியாக இருக்காது, போன் பணம் போகாது, ரொக்கம் வேண்டும். அந்தப் பர்ஸ் நடுத் தங்கையிடம் இருக்கட்டும். பாவம் பார்த்து இல்லை. மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவள், உங்கள் இருவரையும்விட அவளுக்குத்தான் கணக்கு வரும்.

பணத்தைப் பிரித்துப் போட்டு இரண்டு வாரம் போகட்டும். பிறகு போன் செய்யுங்கள், வாட்ஸ்அப் குழுவில் எழுத வேண்டாம். "அன்னிக்குக் கப்பல்ல போலாமான்னு கேட்டியேடி, நாங்க சிரிச்சது தப்பு. இப்பச் சொல்லு, ஏன் கேட்டே?" என்று ஆரம்பித்துவிட்டு, நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். அவள் வருகிறேன் என்றால், படகு ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்னால் போடவேண்டிய குமட்டல் மாத்திரை ஒரு அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பொதுக் கணக்கில் எழுத வேண்டாம்.