தோண்டி வரும் எதிரி: வலையை ஆழமாகப் புதைப்பதா, அகலமாக விரிப்பதா?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் வீட்டுக்குப் பின்னால் 15 சிறுவிடைக் கோழிகள் வளர்க்கிறேன். 20 அடி நீளம், 10 அடி அகலத்தில் அடைப்பு. ஒரு நீளப்பக்கம் வீட்டுச் சுவர், மற்ற மூன்று பக்கமும் கோழி வலை. வலையின் அடியை அரை அடி மண்ணில் புதைத்தும் ஏதோ ஒன்று தோண்டி உள்ளே வருகிறது. குஞ்சுகள் காணாமல் போகின்றன. போன வாரம் ஒரு பெட்டைக்கோழி கழுத்தில் கடிபட்டுச் செத்துக் கிடந்தது. எல்லாமே பகலில்தான். தரை முழுக்க கான்கிரீட் போட்டுவிடலாமா? கின்னிக்கோழி வளர்த்தால் காவலுக்கு உதவுமா?

பதில்: கான்கிரீட் வேண்டாம். செலவு ஒருபுறம் இருக்கட்டும்; நாட்டுக்கோழிக்குக் கிளறவும் புழுதியில் புரளவும் மண் வேண்டும். நாள் முழுக்க சிமெண்ட் தரையில் நிற்கும் கோழிக்குப் பாதத்தில் புண் வரும். இரவில் அடைக்கும் கூட்டுக்குச் சிமெண்ட் தரை போட்டு, மேலே உமியோ கடலைத் தொலியோ பரப்பினால் போதும். மேய்கிற இடம் மண்ணாகவே இருக்கட்டும்.

முதலில் யார் வருகிறார்கள் என்று பார்ப்போம். பகல் நேரம், கழுத்தில் கடி என்கிறீர்கள். அநேகமாகக் கீரிதான். மரநாய் இரவில் வரும், அதுவும் மேலே ஏறி வரும், தோண்டாது. தெருநாய் என்றால் பள்ளம் அகலமாக இருக்கும், ஒன்றுக்கு நாலு கோழி செத்துக் கிடக்கும், இறகு எங்கும் பறந்திருக்கும். நரி பெரும்பாலும் கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

ஆனால் அந்த வளையைத் தோண்டியது கீரிதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல வீடுகளில் இரவில் தீவனத்துக்காகப் பெருச்சாளி வளை தோண்டும்; பகலில் கீரி அதே வழியாக நுழையும், பாம்பும் நுழையும். பெருச்சாளியே முட்டையையும் சின்னக் குஞ்சையும் இழுத்துக்கொண்டு போவதுண்டு. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. மாலையில் கோழிகளை அடைத்த பிறகு எல்லா வளைகளையும் ஈர மண்ணால் மூடுங்கள். விடியும்போது திறந்து கிடந்தால் பெருச்சாளி என்று எடுத்துக்கொள்ளலாம். காலையில் மூடியே இருந்து, மதியத்துக்குள் திறந்தால் கீரி. வேலியோரம் மெல்லிய சாம்பலைத் தூவி வைத்தால் காலடியும் தெரியும்: கீரிக்கு ஐந்து விரல், நாய்க்கும் பூனைக்கும் நான்குதான் பதியும். பூனைக்கு நகம் பதியாது.

இப்போது வலைக்கு வருவோம். எல்லோரும் வலையை ஆழமாகப் புதைக்கத்தான் பார்க்கிறார்கள். இன்னும் ஒரு அடி, இன்னும் ஒரு அடி என்று தோண்டுவார்கள். உங்கள் பகுதிச் செம்மண்ணில் ஓடைக்கல் தட்டிவிட்டால் இடுப்பு ஒடிந்துவிடும். அதைவிட வலையை வெளிப்பக்கமாகத் தரையில் விரிப்பது நல்லது. நாயோ கீரியோ நரியோ நேராக வேலி வரைக்கும் வந்து, வலை மூக்கில் இடிக்கிற இடத்தில்தான் காலால் பறிக்கத் தொடங்கும். அங்கே மண்ணுக்குக் கீழே கம்பி தட்டினால் கொஞ்சம் தள்ளி, மறுபடியும் வேலியோரமாகவே முயலும். இரண்டு அடி பின்னால் போய் அங்கிருந்து சுரங்கம் போட அதற்குத் தோன்றுவதில்லை.

செய்முறை இதுதான். இரண்டரை அடி அகலமுள்ள, அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சதுரக்கண் வலை) வாங்குங்கள். உங்களுக்கு வேலி மூன்று பக்கமும் சேர்த்து 40 அடி. வெளி மூலை இரண்டையும், ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கட்டும் இடங்களையும் சேர்த்தால் 50 அடிச் சுருள் ஒன்று சரியாக இருக்கும். கம்பி கனமாக இருக்கட்டும். கேஜ் எண் குறையக் குறைய கம்பி தடிமன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 16 கேஜ் ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர், 20 கேஜ் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வெல்டு செய்த பிறகு துத்தநாகப் பூச்சு கொடுத்த வலையா என்று கடையில் கேளுங்கள். மண்ணுக்குள் இருப்பதால் மற்றது சீக்கிரம் துருப்பிடிக்கும்.

மெஷ்ஷை ‘ட’ வடிவில் மடியுங்கள். அரை அடி வேலியோடு மேலே நிற்கட்டும், இரண்டு அடி வெளியே தரையில் படுக்கட்டும். நிற்கிற பகுதியை வேலி வலையோடு அரை அடிக்கு ஒரு இடத்தில் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள். இந்த இணைப்பு தளர்ந்தால் மற்ற வேலை எல்லாம் வீண். படுக்கிற பகுதிக்கு மேல்மண்ணை இரண்டு, மூன்று அங்குலம் மட்டும் செதுக்கி எடுத்து, வலையை விரித்து, கம்பியை ‘ப’ போல வளைத்து அடித்து, மண்ணைத் திரும்பப் போடுங்கள். மேலே அருகம்புல்லைப் பரவ விட்டால் வேர் வலைக்குள் பின்னிக்கொள்ளும்; பிறகு நீங்களே பிடுங்க நினைத்தாலும் வராது. கோடை மழை பெய்து மண் இளகியிருக்கும்போது இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

வேலிக்கு இப்போது இருக்கும் கோழி வலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். மெல்லிய கம்பி, நாய் பல்லால் இழுத்தால் பிரிந்துவிடும். முழுக்க மாற்ற வசதி இல்லாவிட்டால் தரையிலிருந்து இரண்டு அடி உயரத்துக்கு மட்டுமாவது அதே வெல்டு மெஷ்ஷைச் சுற்றி அடியுங்கள். அப்புறம் கதவு. வேலியைப் பலமாகப் போட்டுவிட்டு கதவுக்கு அடியில் கை நுழையும் இடைவெளி விடுகிறவர்கள் நிறையப் பேர். கதவடியில் ஒரு கடப்பாக்கல்லைப் பதித்து, இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பாருங்கள். வேலி வீட்டுச் சுவரைத் தொடும் இரண்டு மூலைகளும் இதே போலத்தான்: வலையைச் சுவரில் ஆணி அடித்து இறுக்குங்கள்.

பெருச்சாளியை இந்த விரிப்பு முழுதாகத் தடுக்காது. அதன் வளை பல அடி நீளம் ஓடும். அதற்கு வழி, அதன் தீனியைக் குறைப்பதுதான். மாலையில் தீவனத் தட்டை எடுத்து மூடி வையுங்கள், சிந்திய தானியத்தைக் கூட்டுங்கள், வேலியோரம் அடுக்கிய விறகையும் தென்னை மட்டையையும் தள்ளிப் போடுங்கள். கூண்டுப் பொறி வைக்கலாம். விஷம் வைக்காதீர்கள், அது கோழிக்கும் போகும், ஆந்தைக்கும் போகும். வளைக்குள் கண்ணாடிச் சில்லு போடும் வழக்கமும் உண்டு. கோழி அதைத்தான் முதலில் கிளறி எடுக்கும்.

கீரியைப் பொறி வைத்துப் பிடிக்கவோ அடிக்கவோ கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வீட்டு மின்சாரத்தை வேலியில் கொடுக்கும் யோசனை இருந்தால் அதை இன்றோடு விட்டுவிடுங்கள். கீரி சாவதற்கு முன் உங்கள் வீட்டு ஆள் செத்துவிடலாம்.

கின்னிக்கோழி வளர்க்கலாம். புது ஆள், பாம்பு, கீரி எதைப் பார்த்தாலும் கத்தும். கத்துமே தவிர எதையும் தடுக்காது, நீங்கள் வீட்டில் இருந்தால்தான் பயன். காரணமில்லாமலும் கத்தும், அக்கம்பக்கத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்குங்கள். வேலி வேலை முடியும் வரை குஞ்சுகளைத் தாய்க்கோழியோடு பஞ்சாரத்தில் மூடி, மேலே கல் வையுங்கள்.