பார்க்கின்சன் நோயுள்ள அப்பா ஏன் ஒதுங்கிப் போகிறார்?

கேள்வி: என் தந்தைக்கு 71 வயது; ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆறு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார். நடுக்கம் ஓரளவு கட்டுக்குள் இருந்தாலும், கடந்த ஓராண்டாகக் கோயில், கல்யாணம், காலை நடை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். நண்பர்கள் வந்தாலும் பேச்சுக் கொடுப்பதில்லை. வற்புறுத்தி வெளியே அழைத்துச் செல்வதா, அவர் போக்கில் விட்டுவிடுவதா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இரண்டும் வேண்டாம். அவர் எதனால் ஒதுங்குகிறார் என்பதை முதலில் கண்டறியுங்கள். வயதாகிவிட்டது, சுபாவம் மாறிவிட்டது என்று குடும்பங்கள் சமாதானம் சொல்லிக்கொள்ளும் இடத்தில், பெரும்பாலும் நோயின் அறிகுறிகளே ஆளை வீட்டுக்குள் தள்ளியிருக்கும். 2020-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், தனிமையில் வாடுவதாகக் கூறிய பார்க்கின்சன் நோயாளிகள், அப்படிக் கூறாதவர்களைவிட 55 சதவீதம் கூடுதலான அறிகுறித் தீவிரத்தைத் தெரிவித்திருந்தார்கள். தனிமை நோயைக் கூட்டியதா, நோய் தனிமையைக் கூட்டியதா என்பதை அந்த ஆய்வைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பதாகவே நான் கருதுகிறேன்.

உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் மூளையில் குறையும்போது கை, கால்களைப் போலவே முகத் தசைகளின் அசைவும் மந்தமாகிறது. அவர் உள்ளுக்குள் மகிழ்ந்தாலும் முகத்தில் அது தெரியாது. பார்க்க வந்த நண்பர், 'நான் வந்தது இவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது' என்று எண்ணி, அடுத்த முறை வருவதைத் தள்ளிப்போடுவார். குரலும் தணிந்துவிடுகிறது, ஆனால் தாம் வழக்கம்போலத்தான் பேசுகிறோம் என்றே நோயாளிக்குத் தோன்றும். அதனால்தான் "சத்தமாப் பேசுங்கப்பா" என்று திரும்பத் திரும்பச் சொல்வது அவருக்கு எரிச்சலூட்டுகிறது. பதிலைத் திரட்டிச் சொல்லவும் அவருக்குச் சற்று நேரம் தேவைப்படும். அதற்குள் நாம் அவருக்காகப் பதில் சொல்லிவிட்டால், அடுத்த கேள்விக்கு அவர் வாய் திறக்கமாட்டார். வகுப்பறையையே குரலால் ஆண்டவருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே முகத்தைப் பற்றி உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வெளிப்படையாகச் சொல்லிவையுங்கள். குரலுக்குப் பேச்சுப் பயிற்சியாளரை அணுகுங்கள். 1987-இல் அமெரிக்காவில் லீ சில்வர்மேன் என்ற நோயாளியின் பெயரில் உருவாக்கப்பட்ட பயிற்சி முறை, வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என நான்கு வாரங்கள் நடக்கிறது. பலருக்கு அது குரலைக் கணிசமாக மீட்டுத் தருகிறது.

அடுத்தது கூச்சம். பந்தியில் இலைக்கும் வாய்க்கும் நடுவே கை நடுங்கிச் சாதம் சிந்துவதையும், தள்ளாடும் நடையைப் பார்த்துக் குடித்திருக்கிறார் என்று யாரோ முணுமுணுப்பதையும் ஒருமுறை அனுபவித்தவர், மறுபடி போகத் தயங்குவது இயல்பு. பிறர் பார்க்கிறார்கள் என்ற பதற்றமே நடுக்கத்தைக் கூட்டவும் செய்யும். அடிக்கடி சிறுநீர் கழிக்க நேரிடுவதும் வெளியில் சொல்லப்படாத ஒரு காரணம், மெதுவாகக் கேளுங்கள். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரம் எது என்று ஒரு வாரம் குறித்துவைத்து, அந்த நேரத்தில் மட்டும் வெளியே கிளம்புங்கள். கல்யாண வீட்டுக்குக் கூட்டம் சேருமுன் போய், வாழ்த்திவிட்டு, வீட்டிலேயே சாப்பிடலாம். ஒரே ஒரு பழைய நண்பர் வாரந்தோறும் குறித்த கிழமையில் வந்து அமர்வது, பெரிய விழாக்களைவிட அதிகம் உதவும்.

இவற்றையெல்லாம் செய்தும் மாற்றம் இல்லையென்றால் மனநிலையைக் கவனிக்க வேண்டும். சோகம், குற்ற உணர்வு, தூக்கமின்மை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு ஆகியவை மனச்சோர்வைக் காட்டுகின்றன. இந்த நோயில் அது மிகப் பரவலாக வருவது. சிகிச்சைக்குக் கட்டுப்படவும் செய்யும். வருத்தம் ஏதுமின்றி எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால், அது நோயாலேயே வரும் ஊக்கமின்மையாக இருக்கலாம். அத்தகையவரிடம் "போகலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்ற பதில்தான் வரும், அன்றாடம் இந்த மணிக்கு நடை என்று வழக்கமாக்கிவிட்டால் உடன் வருவார். இது சோம்பேறித்தனம் அல்ல என்பதை உங்கள் அம்மாவுக்குப் புரியவையுங்கள். அவரும் துணைக்கென்று வீட்டிலேயே அடைந்துகிடக்காமல், வாரத்தில் சில மணி நேரமாவது வெளியே போய்வரட்டும். அந்த நேரம் நீங்கள் அப்பாவுடன் இருங்கள்.

உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் அடுத்த முறை செல்லும்போது நடுக்கத்தை மட்டும் சொல்லாமல், அப்பா எங்கெங்கே போவதை நிறுத்தினார், எப்போதிலிருந்து என்பதையும் எழுதிக் கொண்டுசெல்லுங்கள். மருந்தை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. சில நாட்களுக்குள் திடீரென ஒடுங்கிப்போனாலோ, குழப்பமாகப் பேசினாலோ, சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிய மருந்தின் விளைவு என வேறு காரணம் இருக்கக்கூடும். அப்போது தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.