வெட்டுத்தொண்டை விலாங்குகள்: மூன்று உருவம், ஒரு குடும்பம்

வெட்டுத்தொண்டை விலாங்குகள் எனப்படும் சினாபோபிராங்கிடே குடும்பத்து ஆழ்கடல் விலாங்குகள் உருவத்தில் இவ்வளவு வேறுபட்டிருக்கையில், அவற்றை ஒரே குடும்பமாக வைப்பது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூரில் விலங்கியல் கற்பிப்பவன் என்ற முறையில் சரி என்றே சொல்வேன். ஆனால் அதற்கான வலுவான சான்று வளர்ந்த மீனைவிடக் குஞ்சில்தான் இருக்கிறது.

வளர்ந்தவற்றை மட்டும் பார்த்தால் குழப்பமே மிஞ்சும். முதல் துணைக்குடும்பத்தைச் சேர்ந்த சினாபோபிராங்கஸ் பேரினத்தில் இரு செவுள் திறப்புகளும் தொண்டைக்கு அடியில் ஒன்றுசேர்ந்து, கத்தியால் கீறியதுபோல் தெரியும். இலியோஃபினே துணைக்குடும்பத்தில் திறப்புகள் பெரும்பாலும் தனித்தனியே, ஆனால் உடலின் கீழ்ப்புறமாக இருக்கும். வங்கக் கடலில் 'இன்வெஸ்டிகேட்டர்' ஆய்வுக் கப்பலில் பணியாற்றிய இயற்கையியலாளர் ஆல்காக் 1889இல் விவரித்த டைசோமா பேரினம் இதில் அடங்கும். அதன் சில இனங்களில் மலத்துளை ஏறக்குறைய மார்புத் துடுப்பின் அடியிலேயே அமைந்திருப்பதால், உடலின் மிகப் பெரும்பகுதி வாலாகவே இருக்கிறது. மூன்றாவது துணைக்குடும்பத்தில் உள்ளது சிமென்கெலிஸ் பாராசிட்டிகா என்ற ஒரே இனம்: மழுங்கிய மூக்கு, குறுகிய வாய். 1992இல் அமெரிக்காவின் மான்டாக்கில் இறக்கப்பட்ட ஒரு மாகோ சுறாவின் இதயத்துக்குள் இந்த விலாங்குகள் இரண்டு இருந்தன, அவற்றின் வயிற்றில் இரத்தமும் இருந்தது என்பது நம்பக் கடினமானாலும் பதிவான செய்தி.

முன்பு இம்மூன்றையும் தனித்தனிக் குடும்பங்களாகவே வைத்தவர்கள் உண்டு. கண்ணாடி நாடாபோல் மிதக்கும் இவற்றின் இளம்பருவத்தில் கண்கள் குழாய் வடிவில் நீண்டிருப்பதும், செவுள் வளைவின் ஒரு சிறு எலும்பு முன்னோக்கித் திரும்பியிருப்பதும் இவற்றுக்குப் பொதுவானவை என்பதால், மீனியலாளர்களான ராபின்ஸ் இணையர் 1989இல் வெளியான மேற்கு வட அட்லாண்டிக் மீன்கள் பற்றிய தொகுப்பில் இவற்றை ஒரே குடும்பத்தின் மூன்று துணைக்குடும்பங்களாக வைத்தனர். இப்போதும் அந்தப் பகுப்பே பெரும்பாலும் வழக்கில் உள்ளது.

மரபணு ஆய்வுகள் இக்குடும்பத்தை விலாங்கு வரிசையில் மிகத் தொடக்கத்திலேயே பிரிந்த கிளைகளுள் ஒன்றாகக் காட்டுகின்றன. ஆழ்கடலில் வாழ்வன எல்லாம் நெருங்கிய உறவு என்று எண்ணிவிடக் கூடாது: 2010இல் வெளியான ஆய்வின்படி, நன்னீர் விலாங்குகளுக்கு நெருங்கிய உறவினர் நடுக்கடல் ஆழத்தில் நீந்தும் பெருவாய் விலாங்கு போன்றவையே, வெட்டுத்தொண்டைக் குடும்பம் அந்தக் கூட்டத்தில் இல்லை.

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விசைப்படகுக் கழிசலில் ஒரு விலாங்கு கிடைத்தால், முதலில் அதைப் புரட்டிச் செவுளைப் பாருங்கள். பக்கவாட்டில் சிறு வட்டத் துளை இருந்தால் அது அஞ்சாலை. திறப்பு தொண்டையடியில் தாழ்ந்திருந்தால் மட்டுமே பல்லையும் மலத்துளையின் இடத்தையும் அடுத்துப் பார்க்க வேண்டும்.