டேபிள் டென்னிஸில் லாங் பிம்பிள் ரப்பர் (மட்டையில் ஒட்டும், நீளமான மொட்டுகள் வெளியே நீட்டியிருக்கும் ரப்பர்) வைத்து ஆடுபவரை எப்படிச் சமாளிப்பது?

அந்த ரப்பர் தானாகப் பெரிய சுழற்சி தராது. பெரும்பாலும் நீங்கள் கொடுத்த சுழற்சியைத்தான், உங்களுக்கு எதிர்ச்சுழற்சியாகத் திருப்பி அனுப்பும். உங்கள் பலமான டாப்ஸ்பின்னை (முன்னோக்கிச் சுழலும் அடியை) அவர் பிளாக் செய்தால், அதாவது மட்டையை வைத்துத் தடுத்தால், பந்து பேக்ஸ்பின்னோடு (பின்னோக்கிய சுழற்சியோடு) வரும். அதே கோணத்தில் மட்டையை வைத்து மறுபடி அடித்தால் நெட்டில்தான் விழும். கீழிருந்து மேலே தூக்கி அடியுங்கள், அல்லது புஷ் செய்யுங்கள் (பந்தின் அடிப்பக்கத்தை வெட்டுவது போல மெல்லத் தள்ளுங்கள்).

நீங்கள் புஷ் செய்ததை அவரும் புஷ் செய்தால்? வெட்டுவது போலக் கை அசையும், ஆனால் பந்தில் பேக்ஸ்பின் அநேகமாக இருக்காது. மறுபடி புஷ் செய்தால் எகிறிவிடும், தயங்காமல் அடியுங்கள்.

எனக்குப் பிடித்தது சுழற்சியே இல்லாத நீளமான சர்வீஸ். திருப்பித் தர அவரிடம் ஒன்றும் இருக்காது. அப்புறம், ஆட்டத்துக்கு முன் அவர் மட்டையை வாங்கிப் பாருங்கள், விதியிலேயே இடமுண்டு. எந்த நிறப் பக்கம் லாங் பிம்பிள் என்று மனதில் வையுங்கள். சிலர் நடுவில் மட்டையைத் திருப்பிவிடுவார்கள்.