நம்பர் பிளேட்டை மடக்கிவிட்டால் நியாயம் கிடைத்துவிடுமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. சென்னை ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் சாப்பாடு டெலிவரி செய்கிறான். வேகமாகப் போனதாக இரண்டு முறை போனில் அபராதச் சலான் வந்தது. அதிலிருந்து பைக்கின் பின் நம்பர் பிளேட்டை சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துவிட்டான். கேட்டால், "பெரிய கார்ல போறவன், ஸ்டிக்கர் ஒட்டினவன் எல்லாம் பறக்கறான். எங்களைத்தான் புடிக்கறாங்க. இது நியாயமாம்மா?" என்கிறான். அவன் சொல்வதில் பாதி உண்மை இருப்பதாகவே எனக்கும் தோன்றுகிறது. என்ன சொல்லித் திருத்துவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மேடவாக்கம்

பதில்: அன்புச் சகோதரி,

அந்தப் பாதி உண்மையை முதலில் அவனிடம் ஒப்புக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மீதிப் பேச்சு அவன் காதில் ஏறாது. அதிவேகத்துக்கு அவன் கட்டும் ஆயிரம் ரூபாய் ஒரு நாள் உழைப்பு. கோடி ரூபாய் காரில் போகிறவருக்கும் அதே ஆயிரம்தான். அவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். வருமானத்தைப் பார்த்து அபராதம் போடும் முறை நம் சட்டத்தில் இல்லை. இதில் அவனுக்குக் கோபம் வருவது நியாயம்தான். சம்பந்தமே இல்லாத வண்டிகளில் 'போலீஸ்', 'பிரஸ்' என்று ஒட்டிக்கொண்டு திரிபவர்கள் இருப்பதும் பொய்யில்லை. அதனால்தான் 2024 மே மாதம் அந்த ஸ்டிக்கர்களுக்கு எதிராகவே சென்னை போக்குவரத்துக் காவல்துறை தனியாக அபராத நடவடிக்கை தொடங்கியது.

ஆனால் நம்பரை மறைப்பதால் அந்த ஸ்டிக்கர்காரருக்கு ஒன்றும் குறையப் போவதில்லை. நஷ்டம் யாருக்கு என்பதைத்தான் உங்கள் மகன் யோசிக்க வேண்டும்.

"அடையாளம் தெரியாத வாகனம் மோதி" என்ற செய்தி நாளிதழில் வராத வாரம் கிடையாது. அந்தச் செய்திக்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது எழுதப்படுவதில்லை. மோதிய வண்டியின் நம்பர் தெரிந்தால், குடும்பம் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில்தான் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் நடக்கிறது. இறந்தவரின் வயது, சம்பாத்தியம், அவரை நம்பி எத்தனை பேர் இருந்தார்கள் என்றெல்லாம் கணக்குப் பார்த்துத் தொகை முடிவாகும். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் பெரும்பாலும் அந்த நிறுவனம் கொடுக்கும். நம்பர் தெரியாவிட்டால் மிஞ்சுவது மத்திய அரசின் திட்டம் மட்டும்தான்: உயிர் போனால் 2 லட்சம், பலத்த காயம் என்றால் 50,000. 2022 ஏப்ரலுக்கு முன்பு அதுவும் 25,000, 12,500 என்றுதான் இருந்தது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணுக்கு 2 லட்சம் எத்தனை மாதம் வரும்?

நாள் முழுக்க ரோட்டில் இருப்பவன் உங்கள் மகன். அடிபடும் ஆபத்து நம் எல்லோரையும்விட அவனுக்குத்தான் அதிகம். நாளை பெரும்பாக்கம் திருப்பத்தில் அவனை ஒரு வண்டி இடித்துப் போட்டுவிட்டுப் போனால், டீக்கடையில் நிற்கிறவர் ஓடிவந்து முதலில் பார்ப்பது அந்த வண்டியின் நம்பரைத்தான். அந்த பிளேட்டும் மடங்கியிருந்தால் நீங்கள் யாரிடம் போய் நிற்பீர்கள்? இதை அவனிடம் கேளுங்கள். கோபப்படாமல் கேளுங்கள், ஆனால் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஜூனில், சென்னையில் பகலில் 40 கிலோமீட்டரைத் தாண்டினால் அபராதம் என்று அறிவிப்பு வந்தபோது ஊரே எதிர்த்தது. எதிர்ப்புக்குப் பலனும் கிடைத்தது. அந்த நவம்பரிலேயே கார்களுக்கு 60, பைக்குகளுக்கு 50, ஆட்டோக்களுக்கு 40 என்று வரம்பை மாற்றினார்கள். குடியிருப்புத் தெருக்களில் மட்டும் எந்த வண்டியானாலும் 30. அந்த 30ஐ நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். 30இல் வரும் வண்டியைவிட 50இல் வரும் வண்டி மோதும்போது அதன் ஆற்றல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. தெருவில் பந்து விளையாடும் குழந்தைக்கு இந்தக் கணக்கு தெரியாது. வண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் பத்தில் ஏழு பேருக்கு மேல் அதிவேகத்தால் இறந்தவர்கள் என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு.

சலான் தப்பு என்று அவன் நினைத்தால் சண்டை போட வழி இருக்கிறது. கேமரா வைத்துப் பிடிப்பதற்கு மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒரு விதி 2021இல் வந்தது. கேமரா இருக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அங்கீகாரச் சான்று வேண்டும். 15 நாட்களுக்குள் நோட்டீஸ் வர வேண்டும். வண்டியின் போட்டோ, பதிவான வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் தெரிய வேண்டும். அந்த இரண்டு சலான்களையும் இருவருமாக உட்கார்ந்து திறந்து பாருங்கள். போட்டோவில் இருப்பது அவன் வண்டிதானா? அந்த நேரத்தில் அங்கே இருந்தானா? தவறு இருந்தால் போக்குவரத்துக் காவல்துறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஏற்காவிட்டால் நீதிமன்றத்தில் மறுக்கலாம். சரியாக இருந்தால் கட்டிவிடச் சொல்லுங்கள். இந்த நியாயத்தையெல்லாம் கேட்க, நம்பரை மறைக்காதவனால்தான் முடியும். பிளேட்டை மடக்கிய கையோடு போய் "என்னை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்" என்று கேட்டால் எந்த அதிகாரியும் காது கொடுக்க மாட்டார்.

இன்னொரு ஆபத்து அவனுக்குத் தோன்றியிருக்காது. செயின் பறிக்கிறவர்களும் நம்பர் பிளேட்டை மறைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். இரவு சோதனையில் மடங்கிய பிளேட்டைப் பார்க்கும் போலீஸ்காரருக்கு இவன் சாப்பாட்டுப் பையோடு வரும் நல்ல பிள்ளை என்று எப்படித் தெரியும்? பிளேட்டுக்கான அபராதம் முதல் முறை 500, அடுத்த முறை 1,500 என்பதோடு நிற்காமல், வண்டியை ஸ்டேஷனில் விட்டுவிட்டு அந்த இரவின் வேலையையும் இழக்க வேண்டியிருக்கும்.

அவன் வேகத்துக்கு நேரக் கெடுவும் ஊக்கத்தொகையும் காரணமா என்று விசாரியுங்கள். அப்படியென்றால் அதைத் தனியாளாக அவன் சரிசெய்ய முடியாது. இணையவழி டெலிவரி வேலை செய்கிறவர்களுக்கென்று தமிழக அரசு 2023இல் நல வாரியம் அமைத்திருக்கிறது. அதில் பதிவு செய்திருக்கிறானா என்று கேளுங்கள்.

கடைசியாக அந்த பிளேட். அசோகச் சக்கர ஹாலோகிராமும் லேசரில் பொறித்த எண்ணும் உள்ள உயர்பாதுகாப்பு பிளேட் என்றால், மடக்கியதில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். விட்டிருந்தால் வழியோரக் கடையில் எழுதி மாட்ட வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு, வண்டி வாங்கிய டீலரிடமே புது பிளேட் கேட்கச் சொல்லுங்கள்.